அதிகம் பேசுகிறவர்

லெய் யோங்ஃபுவின் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே, அந்த வீட்டைப் பற்றித் தெரிய வேண்டியதையெல்லாம் ருவான் ஷூவின் கையிலிருந்த டேப்லெட் காட்டிவிட்டது. வீட்டு எண் நாற்பத்தேழு. உறுப்பினர் மூவர். குடும்பத் தலைவருக்கு வயது ஐம்பத்தொன்று, இப்போது இரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். தொழில், குறியீடு பதினான்கு: கட்டுமானத் தொழிலாளி. கடைசியில், அடுத்து வருகிறவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஆய்வாளர் குறிப்பு எழுதும் ஒரு சின்னக் கட்டம். இரண்டு வருடத்துக்கு முன் அதில் எழுதியவள் ருவானேதான். 'அதிகம் பேசுகிறவர். நேரம் எடுக்கும்.'

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊரெல்லாம் சுற்றி ஊரார் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, அதை எண்ணாக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ருவான் பணிபுரிந்த பல்கலைக்கழகம் நாடு முழுவதும் பல்லாயிரம் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே குடும்பங்களிடம் போய் அதே கேள்விகளைக் கேட்டது. என்ன வேலை, எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், போன வருடம் எத்தனை நாள் மருத்துவமனையில் இருந்தீர்கள், வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா, ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள். ஒரு குடும்பம் பதில் சொல்ல மறுத்துவிட்டால் அதற்குப் பெயர் இழப்பு. இழப்பு கூடினால் பேராசிரியருக்கு முகம் சுருங்கும், பேராசிரியருக்கு முகம் சுருங்கினால் ருவானின் ஒப்பந்தத்துக்கு ஆயுள் குறையும். முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

வழி காட்ட வந்திருந்த பெங் அக்கா கிராமக் குழுவில் மகளிர் பொறுப்பாளர். அவர் இல்லாமல் இந்த மலையில் ஒரு கதவும் திறக்காது. வழியெல்லாம் வாய் ஓயாத மனுஷி, லெய் வீட்டு வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"போன தடவை பார்த்த ஆள்னு நினைச்சுக்கிட்டு உள்ள போகாதீங்க டீச்சர். மூச்சு மட்டும்தான் மிச்சம் இருக்கு. அதையும் மெஷின்கிட்ட கடன் வாங்கிக்கிட்டு இருக்காரு."

உள்ளே கட்டிலின் மேல் லெய் முழங்காலிட்டிருந்தார். முன்னால் மடித்து அடுக்கிய நான்கைந்து தடித்த ரஜாய்ப் போர்வைகள், அதன் மேல் நெஞ்சைச் சாய்த்திருந்தார். படுத்தால் மூச்சு அடைத்துவிடும், அதனால் தூக்கமும் அப்படியேதான் என்று அவர் மனைவி சுன்ஷியாங் சொன்னார். மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கல்லைத் துளைத்தபோது கிளம்பிய தூசு நுரையீரலில் போய்ப் படிந்து கல்லாகிவிட்ட நோய் அது. இந்த மலையில் அதற்கு விளக்கம் தேவையில்லை, வீட்டுக்கு ஒருவராவது அதில் போயிருக்கிறார்கள்.

ருவானைப் பார்த்ததும் லெய்யின் முகம் மலர்ந்தது. மனைவிக்குக் கையைக் காட்டினார். சுன்ஷியாங் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதற்குள் ருவான் போன முறை கொடுத்த கடிதம் மடிப்புக் கலையாமல் இருந்தது. 'அன்புள்ள குடும்பத்தாருக்கு' என்று தொடங்கும் அறிமுகக் கடிதம்தான், எல்லா வீட்டுக்கும் கொடுப்பது. கீழே பல்கலைக்கழகத்தின் வட்டமான சிவப்பு முத்திரை.

"மேல... என்ன... சொன்னாங்க... டீச்சர்?" என்றார் லெய்.

ருவானுக்கு முதலில் புரியவில்லை. சுன்ஷியாங் விளக்கினார். போன முறை டீச்சர் வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். எந்த வேலைத்தளம், எத்தனை குழி, எந்த மேஸ்திரி என்று அவர் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார், குரலும் பதிவாகியிருக்கிறது, பெய்ஜிங் வரை போகும் என்று டீச்சரே சொன்னாரே. முத்திரை போட்ட காகிதம் கையில் இருக்கும்போது நஷ்டஈட்டுக்காக மாவட்ட அலுவலகத்தில் போய் எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று அவர் அலைவதை நிறுத்திவிட்டார்.

ருவானுக்கு அந்த மத்தியானம் அப்படியே நினைவுக்கு வந்தது. லெய் அன்று புதுச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் பேசினார். ஷென்ஜென் நகரில் எந்தெந்தக் கட்டடத்துக்கு எத்தனை மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்தார்கள், மேஸ்திரி பாவ் எந்த ஊர்க்காரன், ஒரே கயிற்றில் இருந்த நான்கு பேர் யார், அவர் குழிக்குள் இறங்கும்போது மேலே கயிற்றைப் பிடித்தது யின் தாபிங் என்பது வரை. ருவான் நடுநடுவே, "அண்ணே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. தொழில் என்ற கேள்விக்கு இருபத்திரண்டு விடைகள் இருந்தன, பதினான்கைத் தட்டினாள். மேஸ்திரி பெயருக்குக் கட்டம் இல்லை. குரல்பதிவு ஆய்வாளர் ஒழுங்காகக் கேள்வி கேட்கிறாரா என்று சரிபார்க்க மட்டும்தான், மூன்று மாதத்தில் அழித்துவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் மிஞ்சியது அவள் குறிப்புக் கட்டத்தில் எழுதிய அந்த ஒரு வரிதான்.

பெய்ஜிங் என்று அவள் சொன்னதும் உண்மை. 'உங்கள் பதில்கள் நாட்டின் கொள்கை வகுப்புக்குப் பயன்படும்' என்பது தொடக்கத்தில் கட்டாயம் படிக்க வேண்டிய வாக்கியம். ஒரு நாளைக்கு ஐந்து முறை படித்துப் படித்து, அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பெங் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படியே தலையாட்டிவிட்டு, பரிசாகக் கொண்டுவந்த சோப்புத்தூள் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். ருவானுக்கு அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் நோய்ச் சான்று வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நஷ்டஈட்டுக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இவருக்கு அந்த வருடம் அவள் கொடுத்த கடிதத்தை உறைக்குள் போட்டுக் காத்ததிலேயே ஓடிவிட்டது என்பதும் இப்போது தெரிந்தது.

டேப்லெட்டை அணைத்துப் பையில் வைத்துவிட்டுச் சொன்னாள். கடிதம் மனுவுக்குச் செல்லாது, அது ஓர் அறிமுகம் மட்டும்தான். சொன்ன பெயர் எதுவும் பதிவாகவில்லை. யாரும் எதையும் தீர்த்துவைக்கப் போவதில்லை. தவறு தன்னுடையது.

சுன்ஷியாங் உறையைக் கையில் பிடித்தபடி நின்றார். லெய் ரஜாயில் இன்னும் அழுந்தச் சாய்ந்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டார். சொல்வதற்குக் காற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் புரிந்தது.

"எனக்கு... போச்சு. யின்னுக்கு... இன்னும் இருக்கு."

அதற்கப்புறம் சொல்ல வேண்டியதை மனைவிதான் சொன்னார். யின் தாபிங்கும் ஆய்வுக்குள் வந்த வீடு, அவனிடமும் அதே கடிதம் இருக்கிறது. அவனுக்குச் சான்று கிடைத்தது போன செப்டம்பர் மூன்றாம் தேதி. இப்போது ஜூலை முடியப்போகிறது. அலையாதே, நான் எல்லாம் சொல்லியாச்சு, நீயும் சொல்லு, போதும் என்று அவனைத் தடுத்ததே இவர்தான். ஒரே கயிற்றில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் இதே நோயில் செத்து மலையில் புதைந்துவிட்டார்கள். யின் அந்தத் தளத்தில் வேலை செய்தான் என்று சொல்ல உயிரோடு இருக்கும் ஒரே ஆள் இவர். எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இவர் தன் மனுவுக்காக, ஒரு கூட்டாளி சாவதற்கு முன் எழுதித் தந்த காகிதத்தைக் கொண்டுபோனபோது, ஆள் நேரில் சொல்ல வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். யின் மனுக் கொடுத்தால், நடக்க முடியாத சாட்சியிடம் அலுவலர் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்வார். மனு இல்லாமல் வரமாட்டார்.

"நீங்களே அவரைக் கூப்பிட்டுச் சொல்லலாமே" என்றாள் ருவான்.

சுன்ஷியாங் ஆக்சிஜன் இயந்திரத்தைக் கண்ணால் காட்டினார். போன குளிர்காலத்தில், கட்டடக் கம்பெனி அனுப்பிய, மொடமொடவென்று சட்டை போட்ட இரண்டு பேர் பழக்கூடையோடு வீடு வீடாக வந்தார்கள். உங்கள் காகிதம் ஒன்றுக்கும் உதவாது, இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இவர் போடவில்லை. ஆனால் அடுத்த வாரமே நிங்போ நகரில் வேலை பார்க்கும் மகள் இந்த இயந்திரத்தை வாங்கி அனுப்பினாள். யின் அதைப் பார்த்துவிட்டு, லெய் விலைபோய்விட்டான் என்று முடிவுகட்டிவிட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. இந்தப் பக்கம் வருவதும் இல்லை.

"நீங்க சொன்னா... கேப்பான்" என்றார் லெய். "என் பேரை... எடுக்காதீங்க." பிறகு இன்னும் கொஞ்சம் காற்றைச் சேர்த்து, "சீக்கிரம்" என்றார்.

யின்னின் வீடு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், இருபது நிமிட நடை. கோபத்தில் வேகமாக முன்னால் நடந்த பெங் அக்கா பாதி வழியில் நின்று திரும்பினார்.

"ரெண்டு வருஷம் நாங்க அந்தக் கடிதத்தைத் தொட்டுத் தொட்டு வச்சிருந்தோம் டீச்சர். உங்ககூட வீடு வீடா வந்து நானும்தான் குடுக்க வச்சேன். பத்திரமா வச்சுக்கங்க, பெரிய பல்கலைக்கழகம்னு வேற சொன்னேன். எனக்கு யாரு செருப்படி குடுக்கப்போறாங்களோ."

யின் தாபிங் நாற்பத்து நான்கு வயதுக்காரர், இன்னும் எழுந்து நடக்கிறார், படி ஏறினால் மட்டும் உட்கார வேண்டும். தர்பூசணி வெட்டி வைத்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு அவரும் கையைத் துடைத்துக்கொண்டு உறையை எடுத்து வந்தார். போன தடவை ஒரு விஷயம் விட்டுப்போச்சு, அப்புறம் ஞாபகம் வந்தது, ஒரு பேப்பரில் எழுதி வைத்திருக்கிறேன் என்றார். உறைக்குள் கடிதத்தோடு மடித்த தாள் ஒன்றும் இருந்தது. அதில் குழிகளின் ஆழம், தேதி, மேஸ்திரியின் அந்தக் காலத்துத் தொலைபேசி எண் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்தில் வரிசையாக இருந்தன.

ருவான் அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படித்தாள். அழுவதற்கு அவளுக்கு அங்கே உரிமை இல்லை. லெய்யிடம் சொன்னதையே யின்னிடமும் சொன்னாள், இந்த முறை வேகமாக. கடிதம் உதவாது. இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. இந்தத் தாளையும் சான்றையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். வாடகை வண்டி எடுத்து அவளே கூட்டிப்போகிறாள்.

யின் குறுக்கே பேசாமல் கேட்டார். முகத்தில் இருந்த உபசாரம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கடிதத்தை மறுபடி உறைக்குள் வைத்தார்.

"இதே வார்த்தைய இதே நாற்காலில உட்கார்ந்து ஏற்கெனவே ரெண்டு பேர் சொல்லிட்டுப் போனாங்க. அவங்க ஆப்பிள் கொண்டுவந்தாங்க. நீங்க சோப்புத்தூள் கொண்டுவந்திருக்கீங்க."

அவர்கள் கையெழுத்துக் கேட்டார்கள், நான் மனுக் கொடுக்கச் சொல்கிறேன், இரண்டும் ஒன்றா என்று ருவான் வாதாடினாள். மனுக் கொடுத்தால் சாட்சி யார் என்று யின் திருப்பிக் கேட்டார். அந்த இடத்தில்தான் அவள் தவறினாள்.

"லெய் அண்ணன் இருக்கார். அவர்தான் என்னை அனுப்பினார்."

யின் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ரொம்ப நேரம் பிடித்தது. பெங் அக்கா முதுகைத் தடவப் போனார், கையைத் தட்டிவிட்டார்.

"இப்பப் புரியுது. அவனுக்கு மெஷின் குடுத்தாங்க. உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க டீச்சர்?"

"வாய்க்கு வந்ததப் பேசாத தாபிங்" என்றார் பெங் அக்கா. "அந்த மெஷினு அவரு மக வாங்கினது."

"நீங்க குழு ஆளு அக்கா. நீங்க அப்படித்தான் சொல்லணும்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ருவானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒரு நியாயம் பேசினார். போன முறை இதே டீச்சர் முத்திரையோடு வந்து, நீங்கள் சொல்வது ஒவ்வொன்றும் முக்கியம் என்றார். இப்போது முத்திரை இல்லாமல் வந்து, அதெல்லாம் ஒன்றுமில்லை என்கிறார். படிக்காதவன் எதை நம்புவான்? பேச்சையா, முத்திரையையா?

"ஒண்ணு செய்யுங்க. இந்தக் கடிதம் செல்லாதுன்னு ஒரு கடிதம் எழுதி, அதே முத்திரைய வச்சுக் குடுங்க. மறுநாளே போறேன்."

ருவான் வெளியே பூசணிக்கொடிப் பந்தல் அருகே நின்று பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டார், மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் அப்படி ஒரு கடிதத்துக்குப் படிவம் இல்லை. ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும், பிறகு இந்த மாவட்டத்தில் யார் கதவைத் திறப்பார்கள்? ஆய்வாளர் குடும்பத்தின் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று ருவான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதையும் நினைவுபடுத்தினார். அந்தக் கிராமத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடலாம், நீ அடுத்த மாவட்டத்துக்குப் போ, களைத்துப்போயிருக்கிறாய் என்றார்.

அவள் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தன் பெயர், அடையாள எண், கடிதம் எதற்கும் ஆதாரம் ஆகாது என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதினாள். பெங் அக்காவின் பையில் குழு வேலைக்காக வைத்திருந்த சிவப்பு மை டப்பா இருந்தது. அதில் கட்டைவிரலை ஒற்றிப் பெயருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

யின் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரேகையைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும், பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். சோப்புத்தூள் பெட்டியையும் வாசலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தார். அடுத்த முறை வேறு டீச்சர் வருவார்கள் இல்லையா, அவர்களிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். அடுத்த முறை என்பது இரண்டு வருடம் கழித்து.

கீழே இறங்கும்போது டேப்லெட் அந்த வீட்டை முடிக்கச் சொல்லித் தொந்தரவு செய்தது. நேர்காணல் நடக்காததற்குக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும். வீட்டில் ஆள் இல்லை, விருப்பம் இல்லை, உடல்நிலை சரியில்லை, நேரமில்லை. ருவான் கடைசியைத் தட்டினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து அடுத்த மாவட்டத்தில், ஒரு வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, போன வருடம் எத்தனை நாள் மருத்துவமனை என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, பெங் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. வாசலுக்கு வந்து காதில் வைத்தாள்.

லெய் போய்விட்டார் என்று பெங் அக்கா சொன்னார். ருவான் வந்துபோன மறுநாளிலிருந்து புதுச் சட்டையை மாட்டிவிடச் சொல்லி, மாவட்ட அலுவலர் வருவார் என்று அதோடேயே முழங்காலிட்டிருந்தாராம். யின் வந்தானா, யின் வந்தானா என்பதைத் தவிர வேறு எதற்கும் மூச்சைச் செலவழிக்கவில்லை. ஒன்பதாவது நாள் காலை சுன்ஷியாங் கஞ்சி கொண்டுபோனபோது ரஜாயின் மேல் சாய்ந்தபடியே இருந்தார். இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சாவுக்கு யின் வந்தான். பேச்சில்லாவிட்டாலும் ஒரே கயிற்றுக்காரன், வராமல் இருக்க முடியாது. நிங்போவிலிருந்து வந்த மகள் தலையில் வெள்ளைத் துணியோடு அவனிடம் போய், இந்த மெஷினை வாங்க நான் இரண்டு வேலை பார்த்தேன் மாமா, அப்பா உங்களுக்காகத்தான் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார் என்று சொல்லியிருக்கிறாள். வாசலில் பட்டாசு வெடித்து முடியும்வரை யின் தரையிலேயே உட்கார்ந்திருந்தானாம். அடக்கம் முடிந்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல், முதல் பஸ்ஸுக்கு மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறான்.

அங்கே நடந்ததையும் பெங் அக்கா மடமடவென்று சொன்னார்.

"தேதியெல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்களாம் டீச்சர், இன்னும் நாள் இருக்காம். மரியாதையாத்தான் பேசியிருக்காங்க. சாட்சி யாருன்னு கேட்டிருக்காங்க. லெய் பேரைச் சொல்லியிருக்கான். அவரு வீடு எங்க, என்னைக்கு வந்து பார்க்கலாம்னு கேட்டாங்களாம்."

செய்தி அதோடு முடிந்தது. அடுக்களைக்குள்ளிருந்து அந்த வீட்டுப் பெண், அடுத்த கேள்வி என்ன டீச்சர் என்று கூப்பிட்டாள்.